பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலம்

தோப்பூரில் பழைய உடுப்பு என்றால் மூத்தவர்களுக்கு ஒரு வலி உண்டு. 2004 டிசம்பரில் கடல் பொங்கியபின் கொட்டியாரக் குடாப் பக்கம் நிவாரண மூட்டைகள் வந்தன. 2006 ஓகஸ்டில் போர் மூண்டு, மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் சனங்கள் கந்தளாய்க்கு ஓடியபோது, உடுத்த துணியோடுதான் போனார்கள். மாற்றிக்கொள்ள யாரோ கொடுத்ததே கிடைத்தது. ஆகவே, வெளிநாட்டிலிருந்து பொதிகளாக வந்திறங்கும் பழைய உடுப்பில், அதாவது பேல் உடுப்பில், நல்லதைப் பார்த்தெடுத்து எழுபதுகளின் பாணியில் உடுத்தப்போகிறேன் என்று மகள் சொல்லும்போது உம்மா முகம் சுழித்தால், அதை வீண் கௌரவம் என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கூச்சம் துணி பழசு என்பதால் வந்ததல்ல. ராத்தாவின் சட்டையைத் தங்கை போடுவதில் எந்த வீட்டிலும் வெட்கமில்லை. அளவு கேட்காமல், விருப்பம் கேட்காமல், வரிசையில் நிற்கவைத்துக் கையில் தந்தார்களே, அதுதான் மனதைச் சுட்டது. தானே கிளறி எடுத்து, தன் உடம்புக்குத் திருத்தி உடுத்தினால் அந்தத் துணி இரவல் அல்ல, சொந்தம்.

உடம்பைப் பற்றிய கூச்சத்துக்கும் வேர், நம் அளவைக் கேட்காமல் தருவதில்தான் இருக்கிறது. சட்டையின் கழுத்தோரம் தைத்திருக்கும் சைஸ் எண் யாருடைய உடம்பை அளந்து வந்தது? அமெரிக்க விவசாயத் திணைக்களம் 1939, 1940ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 பெண்களை அளந்தது. கணக்கில் எடுத்ததோ வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டும். அதை வைத்து 1958இல் ஒரு தர அளவை வகுத்தார்கள். நிசமான உடம்புகளுக்கு அது ஒத்துவரவில்லை, 1983இல் கைவிட்டார்கள். இன்று ஒவ்வொரு நிறுவனமும் தன் போக்கில் எண் போடுகிறது. ஒரே பேலில் இரண்டு நாட்டுச் சட்டைகள் கிடந்தால், ஒன்றில் 'மீடியம்' தளர்வாக இருக்கும், மற்றதில் 'எக்ஸ்எல்' தோளில் ஏறாது. ஐந்து நிமிடத்தில் உடம்பா மாறிவிட்டது? பெருத்துப்போனேன் என்று கண்ணாடி முன் கலங்குகிற பிள்ளைக்கு இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

பழைய பாணியில் நான் மதிப்பது பூப்போட்ட துணியையோ மணிக் கையையோ விட, அதன் உள்பக்கத்தைத்தான். 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுக்கமாக இருந்த காலம். துணி கிடைப்பதே அரிது. கையால் தைத்துப் பழகிய தையல்காரிகள் துணியை வீணாக்க மாட்டார்கள். அவர்கள் தைத்த சட்டையொன்றைப் புரட்டிப் பாருங்கள். பக்கத் தையலுக்குள் ஓர் அங்குலமோ ஒன்றரை அங்குலமோ துணி மடிந்து கிடக்கும். அதில் இரண்டு மூன்று வரியாகத் தையல் ஓடியிருக்கும். உடம்பு பூசினால் ஒரு வரியைப் பிரித்துவிடலாம், மெலிந்தால் இன்னொன்று ஓட்டலாம். கலியாணம், பிள்ளைப்பேறு, நோய் எல்லாம் வரும், உடம்பு மாறும் என்று தெரிந்து தைத்த உடுப்பு அது. ஆலையில் ஓவர்லொக் போட்டு ஓரத்தை நறுக்கிய சட்டைக்கு அந்த இடமில்லை. அதற்கு அக்குளுக்குக் கீழே சதுரத் துண்டு வைக்கலாம், பக்கத்தில் வேறு நிறத் துணியை நீளமாக இணைக்கலாம். இறுக்கத்தில் மூச்சை இழுத்துப் பிடித்து நிற்பவளுக்கு எந்த அழகும் கைகொடுக்காது.

நம் பிள்ளைகளுக்கு இந்த உடுப்பு அடக்கமாகுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது. ஆனால் பழைய பாணி என்றாலே வெளிநாட்டுக் குட்டைச் சட்டை என்று ஏன் எடுக்கவேண்டும்? அபாயா பரவுவதற்கு முன், கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்கள் சாறியின் முந்தானையையே முக்காடாக இட்டார்கள். மூத்தம்மாவின் பெட்டியில் கிடக்கும் வோயில் சாறியும் பழைய பாணிதான். எழுபதுகளின் மெக்சி கணுக்கால்வரை இறங்கும், உடம்பை ஒட்டாது. நீளக் கைச் சட்டையை உள்ளே போட்டு, மேலே ஸ்காஃப் கட்டினால் குறையொன்றும் இல்லை. பழையதைத் திருத்தி உடுப்பதைக் கேவலமென்று நினைப்பவர்கள், நபிகளார் தம் உடுப்பைத் தாமே தைத்துக்கொண்டதாக ஆயிஷா நாயகி அறிவித்திருப்பதை நினைவுகூரலாம்.

நோய் வரும் என்ற பயத்துக்குப் பதில் சுலபம். சிரங்கு உண்டாக்கும் பூச்சி மனிதத் தோலை விட்டு விலகினால், பொதுவாக 2, 3 நாளுக்கு மேல் தாங்காது. கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, நல்ல வெயிலில் காயப்போட்டால் போதும். வாங்கும்போதே வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து அக்குளையும் இருக்கையையும் பாருங்கள். நூல் நைந்திருந்தால் விட்டுவிடுங்கள். இதைவிடக் கனமான ஆட்சேபம் நெசவாளர் பக்கத்திலிருந்து வருகிறது. பேல் உடுப்பு உள்ளூர்த் தொழிலைக் கெடுக்கிறது என்றுதான் ருவண்டா அதற்கு வரியை உயர்த்தியது. 2018இல் அமெரிக்கா அந்நாட்டு ஆடைகளுக்கான வரிச் சலுகையை நிறுத்தியபோதும் பின்வாங்கவில்லை. அந்தக் கவலை நமக்கும் வேண்டும். பேல் சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு போனால் ஊருக்கு ஒரு சதமும் மிஞ்சாது. தையல்காரியிடம் கொடுத்தால் அவருக்குக் கூலி. பக்கத்தில் இணைக்கும் துண்டை மருதமுனைக் கைத்தறியில் அரை யார் வெட்டி வாங்கினால் அங்கே ஒரு தறிக்கும் வேலை.