அணி தெரியும், "மேட்ரிக்ஸ்" தெரியாது! முதல் செமஸ்டரில் முழி பிதுங்கும் மாணவர்கள்

(நமது நிருபர்)

பிளஸ்–2வில் 600க்கு 500ஐத் தாண்டி மார்க் எடுத்த பையன். தெருவே கூடிப் பாராட்டியது. கல்லூரியில் சேர்ந்து ஆறு மாதம் ஆகவில்லை. கணக்குப் பாடத்தில் "அரியர்"!

"நல்லாத்தானே படிச்சிக்கிட்டிருந்தான், என்ன ஆச்சு?" என்று பெற்றோர் தலையில் கை வைத்து உட்காருகிறார்கள்.

சென்னையில் ஆண்டுதோறும் பல வீடுகளில் நடக்கும் கூத்து இது. பையனுக்கு மூளை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பள்ளிக்கூடத்தில் ஒரு விதமான ஆட்டம், கல்லூரியில் வேறு விதமான ஆட்டம். புது ஆட்டத்தின் விதியை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. விஷயம் அவ்வளவுதான்!

கல்லூரி வாசலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க அரசு வழி செய்துவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021ல் சட்டமானது. மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப்பெண்" திட்டம் 2022ல் வந்தது. மாணவர்களுக்கான "தமிழ்ப் புதல்வன்" 2024ல் வந்தது. குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகள் ஏராளம்.

ஆனால் உள்ளே போன பிறகு எப்படிப் படிப்பது? அங்கேதான் சிக்கல்.

அதே கணக்கு, வேற பேரு!

தமிழ் மீடியத்தில் படித்தவன் பிளஸ்–2 கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமாகவே "அணிகள்" படித்திருப்பான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் போடுவான். பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டரில் பேராசிரியர் வந்து "மேட்ரிக்ஸ்" என்று ஆரம்பிக்கிறார். பையன் மிரண்டு போகிறான்.

இரண்டும் ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரியவே ஒரு மாதம் ஆகிறது. அதற்குள் இரண்டு யூனிட் ஓடிப்போகிறது.

"அணிக்கோவை"தான் "டிடர்மினன்ட்". "தொகையிடல்"தான் "இன்டகிரேஷன்". "முடுக்கம்"தான் "ஆக்சிலரேஷன்". பி.காம். வகுப்பிலும் இதே கதை. "பேரேடு"தான் "லெட்ஜர்". "தேய்மானம்"தான் "டிப்ரிசியேஷன்". மளிகைக் கடையில் அப்பா தினமும் புரட்டும் நோட்டைப் பற்றித்தான் பாடம் நடக்கிறது. மகனோ ஏதோ அமெரிக்கா சமாச்சாரம் என்று நடுங்குகிறான்!

இதற்கு மருந்து ஒரு 80 பக்க நோட்டு. நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் தமிழ்ச் சொல், வலது பக்கம் இங்கிலீஷ் சொல். தினமும் வகுப்பில் காதில் விழுந்த பத்து வார்த்தை போதும். ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்றால் 900 வார்த்தை. ஸ்டைலாக இங்கிலீஷ் பேசுவது அப்புறம் வரட்டும். பாடம் புரிய இந்த வார்த்தைகள்தான் முதலில் வேண்டும்.

மனப்பாடம் கை கொடுக்காது

பள்ளியில் ஆண்டு முழுக்கப் படித்துக் கடைசியில் ஒரே பரீட்சை. கல்லூரியில் அப்படி அல்ல. மார்க் மாதாமாதம் சேருகிறது.

"அண்ணா, இன்டர்னல்னா என்னண்ணா?" என்று சீனியரைக் கேட்கும்போது பாதி செமஸ்டர் முடிந்திருக்கும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் எழுத்துப் பாடத்துக்கு இன்டர்னல் 40, கடைசிப் பரீட்சை 60. கேள்வித்தாளில் 2 மார்க் கேள்வி பத்து, 13 மார்க் கேள்வி ஐந்து, 15 மார்க் கேள்வி ஒன்று. ஆக 100. அதை 60க்குக் குறைப்பார்கள். கலைக் கல்லூரிகளில் இன்டர்னல் 25, பரீட்சை 75 என்பது பழகிய கணக்கு.

ஐந்து யூனிட்டில் இரண்டை ஒதுக்கிவிட்டு மூன்றை மட்டும் உருப்போட்டால் இங்கே ஆபத்து. 13 மார்க் கேள்வி யூனிட்டுக்கு ஒன்று. "இதுவா அதுவா" என்று இரண்டு கொடுத்தாலும் இரண்டும் ஒரே யூனிட்டிலிருந்துதான் வரும்!

கணக்கு கல்லூரிக்குக் கல்லூரி மாறும். விதிமுறையும் சில ஆண்டுக்கு ஒருமுறை மாறும். சேர்ந்த முதல் வாரமே "எங்க பேட்ச்சுக்கு எந்த ரெகுலேஷன்?" என்று கேட்டு, விதிமுறையையும் பாடத்திட்டத்தையும் வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

எலெக்ட்ரிக் ரயில் லேட்டா?

அடுத்த கண்டம், வருகைப் பதிவு. பொதுவாக 75 சதவீதம் வேண்டும். 90 வேலை நாளில் 22 நாளுக்கு மேல் போனால் வம்பு. 65க்கும் 75க்கும் நடுவில் நின்றால் மருத்துவச் சான்று, அபராதக் கட்டணம் என்று அலைய வேண்டும். அண்ணா பல்கலைக்கழக 2021 விதிப்படி 65க்குக் கீழே போனால் பரீட்சையே எழுத முடியாது. அந்த செமஸ்டரை அடுத்த ஆண்டு திரும்பப் படிக்க வேண்டும்.

"லீவே போடலியே" என்பார்கள் சிலர். பீரியட் வாரியாக வருகை போடும் கல்லூரியில் நாளுக்கு 8 பீரியட் என்று வையுங்கள். கும்மிடிப்பூண்டி வண்டி லேட், தினமும் முதல் பீரியட் அவுட் என்றால் 12½ சதவீதம் போச்சு! அனுமதித்த 25ல் சரிபாதி ரயிலோடு போகிறது. வீட்டிலிருந்து ஒரு வண்டி முன்னால் கிளம்பப் பழகுவதும் ஒரு படிப்புதான். நாளைக்கு ஆபீசில் இது உதவும்.

செல்போன் எழுதிய அசைன்மென்ட்

முன்பெல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரன் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். இப்போது செல்போனில் கேட்டால் நொடியில் அசைன்மென்ட் தயார். மார்க்கும் விழுகிறது. லேப் வைவாவில் "நீ எழுதினதைச் சொல்லுப்பா" என்று எக்ஸாமினர் கேட்கும்போது சாயம் வெளுக்கிறது.

அப்சர்வேஷன் நோட்டை அன்றைக்கே எழுதி, மறு வகுப்புக்குள் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறவனுக்கு வைவா பயம் இல்லை. கடைசி வாரத்தில் மொத்தமாகக் கிறுக்குகிறவனுக்குத்தான் காய்ச்சல் வருகிறது.

முதல் செமஸ்டர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அந்த மார்க்கும் கடைசி சி.ஜி.பி.ஏ.வில் சேரும். வேலைக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிகள் பலவும் 10வது, பிளஸ்–2, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் கேட்கின்றன. நிலுவையில் அரியர் இருந்தால் வாசலோடு சரி.

"ரூட்டு" படுத்தும் பாடு

சென்னைக்கே உரிய இன்னொரு வியாதி, "ரூட்டு தல". புதுப் பையன் பஸ்சில் தாளம் போட ஆரம்பித்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கல் எறிந்து, போலீஸ் நிலையத்தில் பேர் பதிவாகிறது. நாளைக்கு போலீஸ் வேலைக்கு மனுப் போட்டாலோ, பாஸ்போர்ட் கேட்டாலோ அந்தப் பழைய வழக்கு வந்து நிற்கும். அடித்தவனும் அடி வாங்கியவனும் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைகளே.

சீனியர் என்றால் பயந்து ஒதுங்கவும் வேண்டாம். ராகிங்குக்கு 1997ம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. தொல்லை என்றால் 1800–180–5522 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம். நல்ல சீனியரிடம் பழைய கேள்வித்தாள் கிடைக்கும். அதை வாங்கிக்கொள்ளலாம்!

கேட்டால் கிடைக்கும்

கோட்டூர்புரத்தில் 2010ல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கவும் அங்கே இடம் உண்டு. எழும்பூரில் 1896ல் திறந்த கன்னிமாரா இருக்கிறது. ஒற்றை அறை வீட்டில் டி.வி. சத்தத்துக்கு நடுவே படிக்கிற பிள்ளைக்கு இவை வரப்பிரசாதம்.

வேலைக்கான பயிற்சிக்கு 2022 மார்ச் 1ல் அரசு "நான் முதல்வன்" திட்டத்தைத் தொடங்கியது. இதில் வரும் பயிற்சிகளை வருகைக்காக மட்டும் உட்கார்ந்துவிட்டு வருகிறவர்களே அதிகம் நஷ்டப்படுகிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், வாய் திறக்க வேண்டும். "புரியலை சார்" என்ற இரண்டு வார்த்தைக்கு வெட்கப்பட்டே பலர் பின் பெஞ்சுக்குப் போகிறார்கள். வகுப்பில் கேட்கக் கூச்சமா? வகுப்பு முடிந்ததும் ஸ்டாப் ரூமில் போய்த் தமிழிலேயே கேட்கலாம். தமிழில் விளக்கம் சொல்லும் பேராசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

மகனோ மகளோ சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் "நல்லாப் படிக்கிறியா?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். அப்படிக் கேட்காதீர்கள்.

"அட்டெண்டன்ஸ் இப்ப எத்தனை சதவீதம்? போன இன்டர்னல்ல எவ்ளோ? ரெக்கார்டுல கையெழுத்து வாங்கிட்டியா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். இதற்கு இங்கிலீஷ் தெரிய வேண்டியதில்லை, டிகிரியும் வேண்டியதில்லை. பதில் தடுமாறினால் மறுநாளே கிளாஸ் அட்வைசரைப் போய்ப் பாருங்கள். ரிசல்ட் வந்த பிறகு பார்த்துப் பயனில்லை.