பால்ஸா மரமும் பௌதிக வாத்தியாரும்

பௌதிகம் சொல்லிக் கொடுப்பவனுக்குக் கைவேலை தெரிந்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அப்படி ஒரு சட்டம் இல்லாத காரணத்தால்தான் நாம் இருபது வருஷ காலமாக இந்த உத்தியோகத்தில் நிலைத்திருக்கிறோம். கரும்பலகையில் விமானத்தின் படத்தைப் போட்டு, அது ஏன் பறக்கிறது என்பதைக் கால் மணி நேரத்தில் விளக்கி விடுவோம். பிள்ளைகளும் எழுதிக் கொள்வார்கள். பரீட்சையில் அதையே திருப்பி எழுதி மார்க்கும் வாங்குவார்கள். ஆனால் ஓர் ஆணியை வளையாமல் அடிக்கும் வித்தை மட்டும் நமக்குக் கைவந்ததில்லை.

சென்ற கோடை விடுமுறையில் இந்த நிம்மதிக்கு ஆபத்து வந்தது. நம்மிடம் படித்து, இப்போது வெளியூரில் நல்ல நிலையில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர், ஆள் உயரத்தில் பாதி இருக்கும் அட்டைப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்து நம் திண்ணையில் வைத்தார். "இது ரேடியோவினால் நடத்தும் கிளைடர், ஸார். இயந்திரம் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வைத்துக் கொண்டு நீங்களே கட்டிப் பாருங்கள்" என்றார். திறந்து பார்த்தால் விமானத்தைக் காணோம்! மெல்லிய மரத் தகடுகளும், குச்சிகளும், வேஷ்டி அகலத்துக்கு ஒரு வரைபடமுந்தான் இருந்தன.

இலவ மரத்தின் உறவு

அந்த மரத் தகட்டைக் கையில் எடுத்ததும் ஏமாந்து போனோம். கனமே இல்லை. அதுதான் பால்ஸா மரம். தென் அமெரிக்காவில் ஈக்வடார் தேசம் இதற்குப் பேர்போனது. நம் ஊர் இலவ மரத்துக்கு இது தூரத்து உறவு. விதை விழுந்த ஆறு முதல் பத்து ஆண்டுகளுக்குள் வெட்டுவதற்குத் தயாராகி விடும். ஒரு கன மீட்டர் தேக்கு சுமார் 650 கிலோ எடை இருக்குமென்றால், அதே அளவு பால்ஸா சுமார் 160 கிலோதான். ஸ்பானிய மொழியில் "பால்ஸா" என்றால் தெப்பம் என்று பொருள். பெயருக்கேற்ப, 1947-ம் ஆண்டில் தோர் ஹேயர்தால் என்ற நார்வே தேசத்தவர் ஐந்து தோழர்களுடன் "கோன்-டிக்கி" என்னும் பால்ஸாத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு, 101 நாட்கள் பசிபிக் சமுத்திரத்தில் மிதந்து, பாலினீஷியத் தீவுகளை அடைந்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டிஷார் பறக்கவிட்ட "மஸ்கிட்டோ" யுத்த விமானத்தின் உடலிலும் இந்த மரம் இருந்தது.

இயந்திரமில்லாத விமானமும் புதிய சங்கதியன்று. 1804-ம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜார்ஜ் கேய்லி என்பவர் பட்டம் போன்ற இறக்கையும் வாலும் வைத்த சிறு மாதிரியைப் பறக்க விட்டார். ஜெர்மனியில் ஆட்டோ லிலியன்தால் 1891 முதல் தாமே இறக்கை கட்டிக் கொண்டு குன்றுகளிலிருந்து பாய்ந்து பறந்து, 1896-ல் கீழே விழுந்து உயிர் நீத்தார். ரைட் சகோதரர்களும் 1903-ல் இயந்திரத்தைப் பூட்டுவதற்கு முன்பு மூன்று ஆண்டுகள் கிளைடர்களில்தான் பழகினார்கள். ரேடியோவினால் மாதிரி விமானத்தை நடத்தும் வித்தைக்கு வழி காட்டியவர்களில், அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் முக்கியமானவர்கள். 1937-ல் அவர்கள் பறக்கவிட்ட "கஃப்" என்னும் மாதிரி இன்று அந்நாட்டு ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

கூடத்தில் தச்சுப் பட்டறை

நிற்க. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேர் காலை வேளைகளில் நம் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். வளைவில்லாத பலகை ஒன்றின்மேல் வரைபடத்தை விரித்தோம். பசை ஒட்டாதிருக்க அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தினோம். படத்திலுள்ள கோட்டின்மேலேயே குச்சியை வைத்துக் குண்டூசியால் நிறுத்தி, வெள்ளைப் பசையால் ஒட்டிக் கொண்டே போக வேண்டியதுதான். இறக்கை என்பது மீனின் முள் மாதிரி. நீளவாட்டில் நெடுஞ்சட்டம், அதன் குறுக்கே வரிசையாக விலாச் சட்டங்கள். ஒவ்வொன்றையும் உப்புத்தாளால் தேய்த்து நேராக்கினோம். இரண்டு மீட்டர் நீளமுள்ள இறக்கை முடிந்தபோது அதைச் சுண்டு விரலால் தூக்க முடிந்தது.

இறக்கையின் நுனிகள் இரண்டும் சற்று மேல் நோக்கி நிமிர்ந்திருக்கும்படி கட்ட வேண்டும். இது அழகுக்காக அன்று. வாலிலுள்ள சுக்கானைத் திருப்பினால் விமானத்தின் மூக்கு ஒரு பக்கம் திரும்பும். அப்போது ஓர் இறக்கை காற்றை அதிகச் சாய்வாகவும் மற்றது குறைவான சாய்வாகவும் சந்திக்கும். விமானம் தானே சாய்ந்து வளைந்து செல்லும். ஆகையால் சுக்கான் ஒன்று, மூக்கை ஏற்றி இறக்கும் தகடு ஒன்று, ஆக இரண்டே கட்டளைகள் போதும். கட்டளைகளை வாங்கும் ரேடியோப் பெட்டி தீப்பெட்டியை விடச் சிறியது. அது சொன்னபடி இரண்டு குட்டி மோட்டார்கள் கம்பியைத் தள்ளும், இழுக்கும்.

எலும்புக் கூட்டுக்குத் தோல் போர்த்த வேண்டுமல்லவா? சூடு பட்டால் சுருங்கும் மெல்லிய தாளை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து ஒட்ட வேண்டும். வீட்டு எஜமானியின் இஸ்திரிப் பெட்டியை அவளறியாமல் எடுத்ததும், மறுநாள் அவளுடைய பட்டுப் புடைவையில் சிவப்புக் கறை ஏறியதும் தனிக் கதை. அதை இங்கே விவரிப்பதற்கில்லை.

கிராம் கணக்கில் கர்வம்

எடையைக் குறைப்பதில் எங்களுக்கு வெறியே பிடித்து விட்டது. அங்கே ஒரு கிராம், இங்கே அரை கிராம் என்று தேய்த்தோம். எல்லாம் முடிந்து நிறுத்தால் 760 கிராம். பெருமைக்குக் கேட்பானேன்! ஆனால் வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு இருந்தது. இறக்கையின் அகலத்தில் முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கில் விரல்களை வைத்துத் தூக்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் மூக்கில் ஈயம் சேர்க்க வேண்டும். எங்கள் விமானத்தின் வால் தாழ்ந்தது. இவ்வளவு பாடுபட்டு மரத்தைத் தேய்த்துவிட்டு ஈயத்தையா கொட்டுவது? "சிறிய வித்தியாசந்தானே, பரவாயில்லை" என்று தீர்ப்புக் கூறியவர்கள் நாமேதான்.

ஊர்க் குளம் வற்றி, புல் முளைத்துக் கிடந்தது. காற்றுக்கு எதிர்முகமாக நின்று விமானத்தை எறிந்தோம். அது மூக்கைத் தூக்கியது, இன்னும் தூக்கியது, ஆகாயத்தில் நொடிப் பொழுது தயங்கி நின்றது, பிறகு தலைகீழாக வந்து தரையில் குத்தியது. மூன்று வார உழைப்பு மூன்று விநாடிகளில் முறிந்து விட்டது. பிள்ளைகள் எங்கும் பார்த்தார்களே ஒழிய, நம் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஒரு சிறுமியின் கேள்வி

பால்ஸாவில் ஒரு நல்ல குணம் உண்டு. முறிந்தால் சுத்தமாக முறியும். பசை தடவிச் சேர்த்தால் பழையபடி நிற்கும். நாம் மூக்கை ஒட்டிக் கொண்டிருக்கையில், பிள்ளைகள் மிஞ்சிய தகட்டை வெட்டிக் கையால் எறியும் சிறு கிளைடர்கள் செய்து விளையாடினார்கள். அவற்றின் இறக்கை வெறும் தட்டைத் தகடு. ஆனாலும் கூடத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அழகாக மிதந்து சென்றன.

ஒன்பதாம் வகுப்பை முடித்த சிறுமி ஒருத்தி அருகில் வந்தாள். "ஸார், இறக்கையின் மேற்புறம் வளைந்திருப்பதால் மேலே போகிற காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகிற காற்றோடு பின்னால் ஒன்று சேர வேண்டியிருப்பதால் அது வேகமாக ஓடுகிறது என்று சொன்னீர்களே. இந்தத் தகட்டில் மேலும் கீழும் ஒரே தூரந்தானே? பின் எப்படிப் பறக்கிறது?" என்று கேட்டாள்.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்றோம். உபாத்தியாயர்களின் கடைசி அடைக்கலம் இந்த வாக்கியம்.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டினோம். விஷயம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. மேலே சென்ற காற்றும் கீழே சென்ற காற்றும் ஒரே சமயத்தில் பின் விளிம்பில் சந்திக்க வேண்டும் என்று இயற்கையில் எந்த விதியும் இல்லை. உண்மையில், தூக்கு விசை தரும் இறக்கையில் மேலே செல்லும் காற்று முன்னதாகவே போய்ச் சேர்ந்து விடுகிறது. இறக்கை காற்றைச் சற்றுச் சாய்வாகச் சந்தித்து, அதைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்றை இறக்கை கீழே தள்ளினால், காற்று இறக்கையை மேலே தள்ளும். நியூட்டனின் மூன்றாவது விதி இது. மேற்புறத்தில் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு என்பது மெய்யே; அதற்கு நாம் சொன்ன காரணந்தான் பொய். வளைந்த இறக்கை, காற்றின் எதிர்ப்பை அதிகம் வாங்காமல் அந்த வேலையைச் செய்கிறது. அதுவே அதன் பெருமை.

இருபது வருஷமாக நாம் சொல்லி வந்தது தவறு. எத்தனை வகுப்புகள்! எத்தனை பிள்ளைகள்! அவர்களெல்லோரும் நம்மை நம்பி எழுதிக் கொண்டார்கள். தட்டைத் தகடு பறக்கும் என்பது பதங்கம் விடும் சிறுவனுக்கும் தெரியும். நமக்கும் தெரிந்தே இருந்தது. கரும்பலகைக்கும் பட்டத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

மறுநாள் ஏழு பேரையும் உட்கார வைத்து, "நான் கற்பித்தது தப்பு" என்று சொன்னோம். அந்த மூன்று சொற்கள் தொண்டையை விட்டு வெளிவர எவ்வளவு சிரமப்பட்டன என்பது நமக்கே தெரியும். பிள்ளைகள் சிரிக்கவில்லை. அந்தச் சிறுமி மட்டும், "அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது, ஸார்?" என்று கேட்டாள். உண்மையை எழுதும்படி சொன்னோம். நம் பள்ளியில் அந்தத் தாளைத் திருத்துகிறவர்கள் நாமே ஆகையால், இதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

பருந்துகளின் விருந்தாளி

இம்முறை மீன் வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கி, மூக்கில் மனமார வைத்தோம். எடை 800 கிராமுக்கு மேல் போயிற்று. போகட்டும்! எறிந்ததும் விமானம் ரெயில் தண்டவாளத்தில் ஓடுவதுபோல் நேராகச் சென்று புல்லில் இறங்கியது. பிறகு முப்பது மீட்டர் ரப்பர் குழாயும் நூறு மீட்டர் கயிறும் கட்டி, இழுத்து விட்டோம். பட்டம்போல் ஏறிக் கயிற்றைத் தானே கழற்றிக் கொண்டது.

அசையாத காற்றில் இரண்டு நிமிஷத்தில் இறங்கிவிடும். ஆனால் அன்று பத்து மணி வெயிலில் குளத்துக்கு மேற்கே இரண்டு பருந்துகள் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்டன. சூடேறிய தரையிலிருந்து காற்று மேலெழும் இடம் அது. சிறுமி அதைக் காட்டினாள். விமானத்தை அங்கே திருப்பினோம். ஒரு பக்கத்து இறக்கை லேசாக நிமிர்ந்தது. பிறகு மரமும் பருந்தும் சேர்ந்தே ஏறத் தொடங்கின. 400 அடிக்கு மேல் போகக் கூடாது என்ற ஞாபகம் வந்து மூக்கைத் தாழ்த்தி இறக்கியபோது 11 நிமிஷங்கள் ஆகியிருந்தன.

நம் நேயர்களில் யாருக்கேனும் ஆசை பிறந்தால் இரண்டு வார்த்தைகள். நம் தேசத்தில் 2021-ம் ஆண்டு முதல் ஆளில்லா விமானங்களுக்கென்று விதிகள் இருக்கின்றன. ஆகாய வெளியைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். தங்கள் ஊர் எந்த நிறத்தில் இருக்கிறதென்றும், பதிவு முதலியவை வேண்டுமா என்றும் முதலில் பார்த்துக் கொள்ளுங்கள். விமான நிலையத்தின் பக்கமும், ஜனங்கள் கூடுமிடத்திலும், மின்சாரக் கம்பிகளின் அருகிலும் விட வேண்டாம்.

இன்னொன்று, வரைபடத்தின் ஓரத்திலுள்ள குறிப்பைப் படியுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வியையும் அப்படியே. பள்ளி திறந்த முதல் வாரத்தில், ஆகாய விமானப் பாடம் வந்தபோது, நாம் கரும்பலகையில் படம் போடவில்லை. ஒரு தட்டைத் தகட்டை எடுத்து வகுப்பின் குறுக்கே எறிந்தோம்.