பாட்டு யாருக்குச் சொந்தம்?

தமிழ்ப் பேசும் படத்தின் முதல் பாட்டு ஒலித்தது சென்னையில் அல்ல, பம்பாயில்தான் என்றால் இன்றைய இளைஞர்கள் பலர் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை. 1931-ம் ஆண்டு இந்த நகரத்து இம்பீரியல் கம்பெனியில், எச்.எம். ரெட்டியின் டைரக்‌ஷனில் தயாரான படம் 'காளிதாஸ்'. அதே கம்பெனி அதே ஆண்டு மார்ச் 14-ந் தேதி வெளியிட்ட 'ஆலம் ஆரா', இந்தியாவின் முதல் பேசும் படம். அதற்குப் போட்ட செட்டிலேயே 'காளிதா'ஸையும் எடுத்தார்கள். கதாநாயகி டி.பி. ராஜலக்ஷ்மி தமிழில் பேசினார். கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். பாஷை இரண்டானாலும், அக்டோபர் 31-ந் தேதி சென்னை கினிமா சென்ட்ரலில் படம் வெளியானபோது ஜனங்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். முக்கிய காரணம், அதில் நிறைந்திருந்த பாட்டுக்கள்.

சயானிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம்மவர்கள் இதை நினைத்துப் பெருமைப்படலாம். ஆனால் பெருமையோடு ஒரு கேள்வியும் கேட்க வேண்டியிருக்கிறது. தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக நாம் முணுமுணுக்கும் இந்தப் பாட்டுக்கள் யாருக்குச் சொந்தம்? எழுதியவருக்கா, மெட்டமைத்தவருக்கா, பாடியவருக்கா, பணம் போட்டவருக்கா?

மேடையிலிருந்து வந்த குரல்

சினிமாவுக்குப் பாட்டு வந்தது நாடக மேடையிலிருந்து. மராட்டிய நாட்டில் அண்ணாசாகேப் கிர்லோஸ்கர் 1880-ல் 'சங்கீத சாகுந்தலம்' அரங்கேற்றினார். அந்த மரபில் வந்த பால கந்தர்வரின் பாட்டைக் கேட்க ஜனங்கள் இரவெல்லாம் விழித்திருந்தார்கள். தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்களும் அப்படியே. பாட்டுக்கு நடுவில்தான் வசனம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மேடையேறினால் "ஒன்ஸ் மோர்" கேட்காத ஊர் கிடையாது.

அந்தக் காலத்தில் கணக்கு சுலபமானது. இன்றிரவு பாடினால் இன்றிரவுக்குக் கூலி. நாளை பாடினால் நாளைக்குக் கூலி. பாடுகிறவர் முன்னால் நின்றார், பாட்டு அவரிடமே இருந்தது. வேறு யாரும் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பேசும் படம் வந்ததும் இதே பாடகர்களைத்தான் தேடிப் போனார்கள். 1935-ல் வெளிவந்த 'பக்த நந்தனா'ருக்கு சுந்தராம்பாளுக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார்கள். அந்நாளில் அது மலைக்க வைக்கும் தொகை. எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகி, மூன்று தீபாவளிகளைக் கண்டது. அவர்கள் படத்தில் தாங்களே நடித்தார்கள், தாங்களே பாடினார்கள். குரலும் முகமும் ஒருவருடையதே.

பாட்டை அப்போது படப்பிடிப்போடு சேர்த்தே ஒலிப்பதிவு செய்தாக வேண்டும். 'ஆலம் ஆரா' எடுத்த ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ரயில் பாதை ஓடியது. பகலெல்லாம் வண்டிச் சத்தம். ஆகவே நடுநிசி கடந்து ஒரு மணியிலிருந்து நாலு மணி வரை, ரயில் ஓசை அடங்கிய நேரத்தில், மைக்கை நடிகர்களுக்கு அருகே மறைத்து வைத்துப் படமெடுத்தார்கள். நைட் டியூட்டி பார்க்கிறவர்களுக்கு அந்தச் சிரமம் புரியும்.

முகமில்லாத குரல்

இந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க ஒரு வழி பிறந்தது. பாட்டை முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்துகொள்வது, படப்பிடிப்பில் நடிகர் வாயை மட்டும் அசைப்பது. ஹிந்தியில் 1935-ல் 'தூப் சாவ்'னிலும், தமிழில் 1938-ல் 'நந்தகுமா'ரிலும் பின்னணிப் பாட்டு வந்தது. அதனால் நன்மை உண்டு. பாடத் தெரியாத நல்ல நடிகருக்கும் நடிக்க வராத நல்ல பாடகருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் குரலுக்கு முகம் போயிற்று. முகம் போனதும் பெயரும் போயிற்று.

1949-ல் 'மஹல்' படம் வந்தபோது இசைத் தட்டில் பாடகியின் பெயராக அச்சிட்டிருந்தது 'காமினி' என்று. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர். உண்மையில் பாடியவர் லதா மங்கேஷ்கர். ரேடியோவில் பாட்டைக் கேட்டவர்கள் பாடியது யாரென்று விசாரித்த பிறகே அவர் பெயர் வெளியே தெரிந்தது. பிலிம்பேர் பரிசிலும் பின்னணிப் பாடகருக்கென்று தனி இடம் 1959-ல்தான் கிடைத்தது.

பெயர் வந்த பிறகு பணத்தின் கேள்வி எழுந்தது. 1960-களில் இந்த நகரத்திலேயே லதாவும் முகம்மது ரபியும் இதில் மோதிக்கொண்டு சில காலம் சேர்ந்து பாடாமலே இருந்தார்கள். "பாடியதற்குப் பணம் வாங்கிவிட்டோம். பிறகு லாபமோ நஷ்டமோ தயாரிப்பாளருடையது" என்பது ரபியின் நியாயம். "இசைத் தட்டு விற்றுக்கொண்டே இருக்கிறதே, அதில் பாடியவருக்குப் பங்கு வேண்டாமா?" என்பது லதாவின் நியாயம். இருவரும் நேர்மையானவர்களே. மேடைக் காலத்துக் கணக்கில் பார்த்தால் ரபி சொன்னது சரி. ஆனால் ஒரு முறை பாடியதைக் கோடி முறை கேட்கும் காலம் வந்துவிட்டது. புதிய காலத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை.

கோர்ட்டும் சட்டமும்

விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டை எழுதச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளரே அதன் முதல் உரிமையாளர் என்று 1977-ல் தீர்ப்பாயிற்று. கவிஞரும் இசையமைப்பாளரும் கை பிசைந்து நின்றார்கள். அந்தத் தீர்ப்போடு நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பும் எழுதினார். பாடுகிறவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாதது பெருங்குறை என்று அதில் சுட்டிக் காட்டினார்.

அந்தக் குறை நீங்கப் பல ஆண்டுகள் பிடித்தன. 1994-ல் பாடகர்களுக்கும் மற்றக் கலைஞர்களுக்கும் தனி உரிமை பிறந்தது. 2012-ல் காப்புரிமைச் சட்டம் மறுபடி திருத்தப்பட்டது. அதற்காக ராஜ்யசபையில் முன்னின்று வாதாடியவர் கவிஞர் ஜாவேத் அக்தர். அதன்படி, சினிமாக் கொட்டகையில் படம் ஓடுவதைத் தவிர மற்ற வழிகளில் பாட்டைப் பயன்படுத்தினால், வரும் ராயல்டியில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. அந்தப் பங்கை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் கம்பெனிக்குப் போகாது. சட்டபூர்வ வாரிசுக்கோ, ராயல்டி வசூலிக்கும் சங்கத்துக்கோ மட்டுமே போகும். பாடியவருக்கும் வியாபார உபயோகத்தில் ராயல்டி உண்டு.

உத்தியோகஸ்தர்களுக்குப் புரியும்படி சொன்னால், ராயல்டி என்பது யாரோ இரக்கப்பட்டுத் தரும் இனாம் அல்ல. அது பிராவிடண்ட் பண்டு மாதிரி. உழைப்பு முடிந்த பிறகும் உழைத்தவன் பெயரில் நிற்கும் பணம்.

தாராவிப் பையன்கள்

இதெல்லாம் பெரிய கலைஞர்களின் விவகாரம், நமக்கென்ன என்று தள்ளிவிட முடியாது. இன்று பாட்டு நம் சந்துகளிலேயே பிறக்கிறது. தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்கள் குடியேறிய தாராவியில், பிள்ளைகள் 'ராப்' என்னும் தாளப் பேச்சுப் பாட்டைப் பழகினார்கள். அதற்குப் பெரிய வாத்திய கோஷ்டி வேண்டாம். தாளமும் சொல்லும் துணிச்சலும் போதும். டோப்அடெலிக்ஸ், செவன் பண்டாய்ஸ் என்று குழுக்கள் கிளம்பின. ஹிந்தி, மராத்தி, தமிழ் எல்லாம் கலந்த அவர்கள் பாட்டு, தாராவித் தெருவின் பேச்சேதான். குர்லாவில் நேஸி என்ற இளைஞர் 2014-ல் கையிலிருந்த ஒரு ஐபேடை வைத்தே பாட்டைப் பதிவு செய்து, படமும் பிடித்து வெளியிட்டார். தயாரிப்பாளர் இல்லை, ஸ்டூடியோ இல்லை.

சினிமா அவர்களைத் தேடி வந்தது. 2018-ல் பா. ரஞ்சித்தின் 'காலா'வில் ரஜினிகாந்துக்கான பாட்டிலேயே டோப்அடெலிக்ஸ் பையன்களின் வரிகள் இடம் பெற்றன. 2019-ல் ஜோயா அக்தரின் 'கல்லி பாய்' வந்தது. நேஸி, டிவைன் இருவரின் வாழ்க்கையைத் தழுவிய கதை அது. 2020 பிலிம்பேர் விழாவில் அதற்கு 13 பரிசுகள் கிடைத்தன. 'தாராவி' என்றாலே மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் அந்தத் தாளத்துக்குக் காலாட்டினார்கள். சந்தோஷமே. ஆனால் சினிமா வந்து போன பிறகும் அந்தப் பையன் அதே சந்தில்தான் குடியிருக்கிறான். அவன் கையில் மிஞ்சுவது அவன் பெயரும் அவன் வரிகளும்தான்.

சினிமாவை விட்டு விலகினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. தெருக்குரல் அறிவும் தீயும் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'எஞ்ஜாய் எஞ்சாமி' 2021 மார்ச்சில் வெளிவந்தது. அது எந்தப் படத்துப் பாட்டும் அல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் நினைவை அறிவு அதில் வைத்தார். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்டார்கள். ஆனால் அதே ஆண்டு ஓர் ஆங்கில இசைப் பத்திரிகையின் அட்டையில் அறிவின் முகம் விடுபட்டது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அவருக்குத் தனி அட்டை வந்தது. அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசும் வரவில்லை என்று 2024-ல் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகத் தெரிவித்தார். கேட்டவர் கோடி, பாடுபட்டவர் கை காலி.

கையெழுத்துப் போடுமுன்

ஆகவே பாட்டெழுதும், பாடும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் சில விஷயங்களைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. சொந்தமாக எழுதிய பாட்டுக்கு உரிமை பிறக்க எந்த ஆபீசிலும் பதிய வேண்டிய அவசியமில்லை. எழுதிய மாத்திரத்தில் உரிமை உண்டு. எழுதியவர் வாழ்நாளுக்கும், அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் அது நிற்கும். பதிந்தால் சாட்சிக்கு உதவும். உரிமையை மற்றவருக்கு மாற்றுவது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும்; வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்தாண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடக் கூடாது என்பதை நம்மவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஊரில் நிலம் பறிபோனதே பலருக்கு அப்படித்தான்.

கவிஞர்களுக்கும் இசையமைப்பாளர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. அதன் தலைமை ஆபீஸ் மும்பையிலேயே உள்ளது. பாடகர்களுக்கென்று தனிச் சங்கம் 2013-ல் பதிவாயிற்று. எழுதுகிற பிள்ளைகள் அங்கே போய் விசாரிப்பது, ஒரு டிக்கெட் வாங்கிக் கொட்டகையில் நிற்பதைவிடக் கடினமல்ல.

கேட்கிறவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. சாலில் பக்கத்து வீட்டுப் பையன் பாடினால் "என்ன படத்துப் பாட்டு?" என்று கேட்பது நம் வழக்கம். இனி "யார் எழுதினது?" என்று கேட்கலாம். "நான்தான்" என்று அவன் சொன்னால், தாளின் அடியில் பெயரும் தேதியும் போட்டுப் பத்திரமாக வைக்கச் சொல்ல வேண்டும்.