நீச்சல் குளத் தண்ணீர் கலங்கிவிட்டதா? பவுடரைக் கொட்டும் முன் இதைப் படியுங்கள்!

கோடை விடுமுறைக்குப் பேரன் பேத்திகள் வந்து இறங்கும் நேரம். பண்ணை வீட்டிலோ கடற்கரைச் சாலை வில்லாவிலோ ஆசையாகக் கட்டிய நீச்சல் குளத்தை எட்டிப் பார்த்தால், தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்துக் கிடக்கும். பலரும் உடனே செய்வது, பிளீச்சிங் பவுடரை வாளி வாளியாகக் கொட்டுவதுதான். மறுநாள் பார்த்தால் கலங்கல் இன்னும் கூடியிருக்கும்!

முதலில் குளத்தை மூடுங்கள்

கலங்கிய குளத்தின் முதல் ஆபத்து கிருமி அல்ல, அடி தெரியாததுதான். நாலடித் தண்ணீரில் ஒரு குழந்தை மூழ்கினாலும், பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. அதனால் ஒரே விதி: கரையில் நின்று பார்த்தால், ஆழமான பக்கத்தின் அடியில் உள்ள வடிகால் சல்லடை தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் யாரும் இறங்கக் கூடாது.

இரண்டாவது, குளோரின் குறைந்த வெதுவெதுப்பான நீரில் நெய்க்லீரியா என்ற அமீபா வளரலாம். மூக்கு வழியாக மூளைக்குப் போய் உயிரையே பறிக்கும் கிருமி இது. 2024-ல் கேரளத்தில் சிறுவர்கள் சிலர் இதற்குப் பலியானது நினைவிருக்கலாம்.

நிறம் சொல்லும் சேதி

பச்சை கலந்திருந்தால் பாசி வந்துவிட்டது, குளோரின் போதவில்லை. குளோரின் போட்டதும் பழுப்பாகவோ தேநீர் நிறமாகவோ மாறினால், போர்வெல் தண்ணீரில் இரும்புச் சத்து இருக்கிறது. வெறும் வெள்ளையாக இருந்தால் மூன்று காரணங்கள்: ஃபில்டர் சரியாக ஓடவில்லை, பி.ஹெச் ஏறிவிட்டது, அல்லது தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். நம் ஊர் போர்வெல் தண்ணீர் பல இடங்களில் உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கடின நீர். சாதாரண பிளீச்சிங் பவுடரிலும் சுண்ணாம்புதான் பெரும்பங்கு. கொட்டக் கொட்ட வெளுப்பது இதனால்தான்.

சோதனை செய்யாமல் எதையும் போடாதீர்கள்

நீச்சல் குளச் சாமான்கள் விற்கும் கடைகளில் சோதனை கிட் கிடைக்கும். பி.ஹெச் 7.2 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும். கிருமியைக் கொல்லக்கூடிய 'கட்டற்ற குளோரின்' 1 முதல் 3 பி.பி.எம் வரை இருக்கலாம். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ சொட்டு மருந்து மொத்த குளோரினைத்தான் காட்டும். வேலை செய்து தீர்ந்த குளோரினும் அதில் சேர்ந்துவிடும். இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டி.பி.டி சோதனையே நல்லது.

பி.ஹெச்சை முதலில் சரிசெய்வதற்குக் காரணம் உண்டு. அது 7.5-ல் இருக்கும்போது, போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியத்துடன் வேலை செய்யும். 8-க்கு ஏறினால் கால் பங்குதான் வேலை செய்யும். மீதிக் காசு தண்ணீரில் போட்டதுதான்!

ஃபில்டரைக் கவனியுங்கள்

கலங்கலை வெளியேற்றுவது மருந்து அல்ல, ஃபில்டர். கலங்கிய நாள்களில் பம்பை இரவு பகலாக ஓட விடுங்கள். மணல் ஃபில்டரின் அழுத்தமானி, சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 8 முதல் 10 பி.எஸ்.ஐ கூடியிருந்தால் 'பேக்வாஷ்' செய்ய வேண்டும். பம்பை நிறுத்திவிட்டுத்தான் வால்வைத் திருப்ப வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் தெளிந்து வரும்வரை ஓடவிட்டு, பிறகு 'ரின்ஸ்' வைத்து அரை நிமிடம் ஓட்டுங்கள். ரின்ஸைத் தவிர்த்தால் கிளறிய அழுக்கு குளத்துக்கே திரும்பும்.

எவ்வளவு குளோரின்?

நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 20 அடி நீளம், 10 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் சுமார் 22,600 லிட்டர். 1,000 லிட்டருக்கு 1 கிராம் குளோரின் என்பது 1 பி.பி.எம். பாசியை ஒழிக்க 10 பி.பி.எம் ஏற்ற வேண்டுமானால், 65 சதவிகித கால்சியம் ஹைப்போகுளோரைட் குருணையில் சுமார் 350 கிராம் போதும். வாளிக் கணக்கெல்லாம் தேவையில்லை.

சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் போடுங்கள். வெயில் குளோரினைச் சீக்கிரம் தின்றுவிடும். பிளாஸ்டிக் வாளியில் முதலில் தண்ணீர், அதன் பிறகே குருணை. ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். பிளீச்சிங் பவுடர்தான் கையில் இருக்கிறது என்றால், கிணற்றுக்குப் போடுவதுபோல் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள். குளோரின் மறுபடி 3 பி.பி.எம் அளவுக்கு இறங்கும்வரை குளிக்கக் கூடாது.

எச்சரிக்கை: ஆசிட்டையும் குளோரினையும் சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். ஹைப்போகுளோரைட் குருணையும் டி.சி.சி.ஏ மாத்திரையும் கலந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் செய்யும். தனித்தனி அளவுக் கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அப்படியும் தெளியவில்லையா?

பாட்டி காலத்தில் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்களே, அதே தத்துவம்தான். மணலில் சிக்காத நுண்தூசியை ஒன்றுசேர்த்து அடியில் உட்காரவைக்கப் படிகாரம் உதவும். பாக்கெட்டில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றி, சிறிது நேரம் சுற்றவிட்டு, பம்பை நிறுத்தி இரவு முழுக்க அசையாமல் விடுங்கள். காலையில் அடியில் படிந்ததை 'வேஸ்ட்' வழியாக வேக்யூம் செய்து வெளியேற்றுங்கள். ஃபில்டர் வழியாக விட்டால் அடைத்துக்கொள்ளும். கார்ட்ரிட்ஜ் ஃபில்டர் உள்ளவர்கள் இந்த முறையைத் தவிர்க்கலாம். படிகாரம் பி.ஹெச்சை இறக்கும் என்பதால், முடிந்ததும் மறுபடி சோதியுங்கள்.

மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டு மாற்றலாமே என்கிறீர்களா? நாம் பார்த்த சின்னக் குளத்துக்கே 12,000 லிட்டர் டேங்கர் இரண்டு லோடு வேண்டும். தவிர, மழைக்காலம் முடிந்து நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது குளத்தைக் காலிசெய்தால், கீழிருந்து வரும் அழுத்தத்தில் தரை விரிசல் விடலாம்.

இனி கலங்காமல் இருக்க...

தலைக்கு எண்ணெய் வைத்தவர்கள் சீயக்காயோ ஷாம்புவோ போட்டு அலசிவிட்டு இறங்கட்டும். எண்ணெய் மணலில் ஒட்டிக்கொண்டால் ஃபில்டர் சீக்கிரம் சோர்ந்துவிடும். குழந்தைகளைக் கழிவறைக்கு அனுப்பிவிட்டு இறக்குங்கள். கண் எரிவதற்கும் 'குளோரின் வாடை'க்கும் காரணம் பெரும்பாலும் குளோரின் அதிகமானது அல்ல; வியர்வையோடும் சிறுநீரோடும் அது சேர்ந்து உண்டாகும் குளோரமைன்தான். பெருமழை பெய்த மறுநாள் கட்டாயம் சோதியுங்கள். மற்ற நாள்களில் பம்ப் 6 முதல் 8 மணி நேரம் ஓடட்டும். தினமும் காலையில் காபி டம்ளரோடு கரையில் நின்று அடிச் சல்லடை தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். லேசாக மங்கும்போதே கவனித்தால் ஒரே நாளில் தெளிந்துவிடும்.