புறாமலையின் நீரடித் தோட்டம்

திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிக் கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர் தொலைவில் கிடக்கும் சிறு தீவைப் புறாமலை என்பர். மாடப்புறாக்கள் அடையும் இடமாதலின் இப்பெயர். வாடைக் காற்று வீசும் மாரியில் அக்கடல் கொந்தளிக்கும். மே முதல் செப்ரெம்பர் வரை தெளிந்திருக்கும். உல்லாசப் பயணிகள் படகேறிச் செல்வது அப்பொழுதுதான்.

பெரிய ஆயத்தம் எதுவும் வேண்டியதில்லை. கண்ணாடி முகமூடியும் மூச்சுக் குழாயும் போதும். முகத்தை நீரில் அமிழ்த்தினால், கிளிமீன்கள் முருகைக்கல்லைக் கொறிக்கும் ஓசைகூடக் காதில் விழும். செட்டை நுனி கறுத்த சிறு சுறாக்களும் அங்குண்டு. நாம் அவற்றுக்கு அஞ்சுவதிலும் அவை நமக்கு அஞ்சுவதே அதிகம். காற்றுக்கலம் சுமந்து ஆழத்திற் சுழியோடுவது முறையாகப் பயின்றவர்க்கே உரியது.

முருகைக்கல் என்று சொல்கிறோமேயன்றி, அது வெறுங் கல் அன்று. சிற்றுயிர்கள் கூடிச் சுண்ணாம்பினாற் கட்டிய மனை. கிளைவிடும் இனங்கள் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் வரை வளரலாம். உருண்டு திரளும் இனங்களோ ஏறக்குறைய 1 சென்ரிமீற்றரே வளரும். 1998இல் கடல் சூடேறி, இலங்கையின் தென், மேற்குக் கரைகளில் முருகைப் பார்கள் வெளிறி மடிந்தன. திருகோணமலைப் பார்கள் பெரிதும் தப்பின. 2003இல் புறாமலை தேசிய பூங்காவாயிற்று.

சூட்டுக்குத் தப்பியதைக் காலடி நொறுக்குகிறது. ஆழம் குறைந்த இடமாதலால், களைத்தவர் காலூன்றி நிற்பது அந்த மனையின் மேலேயே. நீச்சலிற் பழக்கமில்லாதார் படகிலேயே மிதவைச் சட்டையைக் கேட்டு அணிந்துகொள்வாராக.