உங்கள் கம்ப்யூட்டரில் நொய்யல் ஆறு

கம்ப்யூட்டர் வாங்கியாயிற்று. பாட்டு கேட்டாயிற்று, கேமும் விளையாடியாயிற்று. அடுத்து என்ன என்று யோசிக்கிறீர்களா? நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நொய்யல் ஆற்றுப் படுகையில் எங்கே அணை கட்டலாம், எங்கே மழைநீரை நிலத்துக்குள் இறக்கலாம் என்று வீட்டில் உட்கார்ந்தே தேடினேன். செலவு எதுவும் இல்லை.

தேவை இரண்டு. ஒன்று, க்யூஜிஸ் என்ற இலவச மேப் சாப்ட்வேர். மற்றொன்று நிலத்தின் உயரக் கணக்கு. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாட்கள் பறந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் டேட்டாவை, பெயர் பதிந்தால் நாசா இலவசமாகத் தருகிறது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. வடக்கு 11, கிழக்கு 77 என்ற ஃபைலில் திருப்பூர் வந்துவிடும். (நொய்யல் பிறக்கும் வெள்ளியங்கிரி மலைக்குப் பக்கத்து ஃபைல்களையும் டவுன்லோடு செய்யுங்கள்.) ஒரு ஃபைலில் 3601 வரிசை, வரிசைக்கு 3601 எண்கள். பயப்படாதீர்கள், விரித்தாலும் சுமார் 25 எம்பிதான்.

முதல் முயற்சியில் சொதப்பினேன். ஸ்லோப், அதாவது சரிவைக் கணக்கிடச் சொன்னால், கொங்கு நாடு முழுவதும் செங்குத்துப் பாறையாக வந்து நின்றது! ஃபைலில் தூரம் டிகிரியில், உயரம் மீட்டரில் இருப்பதே காரணம். 'யுடிஎம் 43 வடக்கு' என்ற முறைக்கு மாற்றி சேவ் செய்த பிறகே சரியாயிற்று.

அடுத்து ப்ராசஸிங் டூல்பாக்ஸில் ஆர்.வாட்டர்ஷெட் என்பதை ரன் செய்யுங்கள். எந்தப் புள்ளியில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்து, ஓடைகளைத் தானே கண்டுபிடிக்கும்.

புதியவர்கள் குழம்புவது இங்கேதான். நீரைத் தேக்கும் இடம் வேறு, உறிஞ்சும் இடம் வேறு. அணைக்குக் குறுகிய வாயும், பின்னால் அகன்ற பள்ளமும், அடியில் கசியாத பாறையும் வேண்டும். உறிஞ்சும் குட்டை கசிந்தால்தான் பயன். கொங்குப் பகுதி கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நீர் இறங்கும். ரூலர் வைத்தது போல ஓடை நேராக ஓடினால் அடியில் வெடிப்பு இருக்கலாம். அப்படி இரண்டு கோடுகள் வெட்டும் இடங்களைக் குறித்துக்கொண்டேன். தென்னந்தோப்பில் ஏமாறாதீர்கள், ரேடார் மரத்தலையில் பட்டுத் திரும்புவதால் தோப்பும் சிறு மேடாகத் தெரியும்.

அணைக்கு, திருப்பூருக்குக் கிழக்கே ஓர் இடம் பொருத்தமாகப் பட்டது. சாட்டிலைட் படத்தை மேலே வைத்துப் பார்த்தால், அங்கே ஏற்கெனவே அணை இருக்கிறது! 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை. பெருமையுடன் சித்தப்பாவிடம் காட்டினேன்.

"எடம் சரிதான் கண்ணு. தண்ணி?" என்றார்.

பாசனத்துக்குக் கட்டிய அந்த அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள்ளும் இறங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொல்லும் வரை போனது விஷயம். என் மேப்பில் இதற்கு ஒரு கலர்கூட இல்லை. நான் ஆசையாகக் குறித்த உறிஞ்சும் இடங்களில் கெட்ட நீர் வந்தால் அதுவும் அதே வேகத்தில்தானே இறங்கும்?

அதனால் ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கியிருக்கிறேன். குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் இல்லாவிட்டால் 2000 வரை. கிணறு இருக்கும் இடம், அளவு இரண்டையும் எக்ஸெலில் டைப் செய்து சிஎஸ்வி ஃபைலாக சேவ் செய்தால் க்யூஜிஸ் மேப்பில் புள்ளிகளாக வந்துவிடும். முதல் பாட்டிலை நிரப்பி வைத்திருக்கிறார் சித்தப்பா.