இரைப்பைக்குள் ஒரு தடையுத்தரவு

புதுக்கடை நீதிமன்றத்துக்குத் தவணைக்கு வருகிறவர்களுக்குப் பகல் சாப்பாடு நேரத்துக்குக் கிடைப்பதில்லை. வழக்கைக் கூப்பிடும்வரை ஒரு பிளேன்டீ, ஒரு மீன் பணிஸ். பிறகு நெஞ்சுக்குக் கீழே எரியத் தொடங்கும். "கெஸ்ட்ரைட்டிஸ்" என்று தாங்களே தீர்ப்பு எழுதிக்கொண்டு, பாமசியில் ஒமெப்ரசோல் குளிசை ஒரு காட் வாங்கிப் போவார்கள்.

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையானது. கெஸ்ட்ரைட்டிஸ் என்பது எரிச்சலின் பெயரல்ல. இரைப்பையின் உட்சுவர் அழன்று வீங்கியிருக்கும் நிலையின் பெயர். ஆண்டுக்கணக்கில் சத்தமின்றிக் கிடக்கும் அப்படியொரு அழற்சியில்தான் இரைப்பைப் புற்றுநோயின் கதை வழக்கமாகத் தொடங்குகிறது. அழற்சி உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையோருக்குப் புற்றுநோய் வருவதில்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும்.

புற்றுநோய் என்றால் மரபணு பழுதாவது என்று நாம் படித்திருக்கிறோம். டி.என்.ஏ.யில் ஓர் எழுத்து மாறுகிறது, ஒரு துண்டு தொலைகிறது, கலம் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது. இரைப்பையில் இன்னொரு வழியும் உண்டு. எழுத்து ஒன்றும் மாறாது, பக்கம் ஒன்றும் கிழியாது. மரபணு வாய் திறக்க மட்டும் முடியாது. புதுக்கடைக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருக்கும். தடையுத்தரவு வந்துவிட்டால் அது செல்லாது.

அந்த உத்தரவு மிகச் சிறிய ஒன்று. ஒரு காபனும் மூன்று ஐதரசனும் கொண்ட மெதைல் கூட்டம், டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் ஒன்றான சைட்டோசினில் போய் ஒட்டுகிறது. மரபணுவின் முகப்பில் இப்படி நிறைய ஒட்டிக்கொண்டால் அந்த இடம் இறுகிச் சுருண்டு, வாசிக்க வரும் புரதங்கள் உள்ளே நுழைய முடியாமற் போகும். கலம் இரண்டாகப் பிரியும்போது ஒரு நொதியம் பழைய இழையைப் பார்த்து, அதே இடங்களில் புதிய இழையிலும் மெதைலை ஒட்டிவிடுகிறது. கோவையைப் பிரதி எடுக்கும் லிகிதர் தடையுத்தரவையும் சேர்த்துப் பிரதி எடுப்பது போலத்தான்.

1998இல் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரி கில்ஃபோர்டும் சகாக்களும் ஒரு மாவோரிக் குடும்பத்தின் துயரத்துக்குக் காரணம் கண்டுபிடித்தார்கள். அக்குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயதினர் இரைப்பைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தனர். பழுது இருந்தது சி.டி.எச்.1 என்ற மரபணுவில். கலங்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் பசையைத் தயாரிப்பது அதுதான். ஆனால் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என மரபணு இரண்டு பிரதிகளாக அல்லவா வருகிறது? ஒன்று பழுதானால் மற்றது வேலை செய்ய வேண்டுமே. அந்த இரண்டாவது பிரதிக்கு என்ன நடந்தது? 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு விடை சொன்னது: பல கட்டிகளில் அது பழுதாகவேயில்லை, மெதைல் ஒட்டி வாயடைக்கப்பட்டிருந்தது.

குடும்பப் பின்னணி இல்லாதவர்களிலும் இது நடக்கிறது. அமெரிக்காவின் புற்றுநோய் மரபணுத் திட்டம் 2014இல் 295 இரைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தது. ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவை, டி.என்.ஏ.யில் பிழைகள் மலைபோலக் குவிந்த வகை. அவற்றில் பெரும்பாலும் மௌனமாகிக் கிடந்தது எம்.எல்.எச்.1, அதாவது பிழைதிருத்தும் மரபணு. அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவரின் வாயை அடைத்தால் என்ன ஆகுமோ அதுதான் இங்கும். இதில் ஒரு வேடிக்கை: பிழை மலிந்த இந்தக் கட்டிகளை உடலின் எதிர்ப்புப் படை எளிதில் அடையாளம் காண்பதால், புதிய நோயெதிர்ப்புச் சிகிச்சைக்கு இவைதான் மற்றவற்றைவிட நன்றாகப் பணிகின்றன.

உத்தரவு போட்டது யார்? ஹெலிகோபெக்டர் பைலோரி என்ற பற்றீரியாவைத்தான் முதலில் கூண்டில் ஏற்ற வேண்டும். அவுஸ்திரேலிய வைத்தியர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துக் கெஸ்ட்ரைட்டிஸை வரவழைத்துக் காட்டினார். 2005இல் ரொபின் வொரனுடன் நோபல் பரிசு பெற்றார். டோக்கியோவில் தொஷிகஸு உஷிஜிமாவின் குழு 2006இல் காட்டியது அதைவிட நுட்பமானது. புற்றுநோயே இல்லாதவர்களின் இரைப்பையில்கூட, பற்றீரியா இருந்தால் சில மரபணுக்களில் மெதைல் அளவு 5 மடங்கிலிருந்து 300 மடங்கு வரை கூடியிருந்தது. பின்னர் பாலைவன எலிகளில் சோதித்தபோது, பற்றீரியாவை உயிரோடு விட்டு அழற்சியை மட்டும் மருந்தால் அடக்கினார்கள். மெதைல் ஒட்டுவது நின்றது. ஆக, பற்றீரியா முறைப்பாட்டுக்காரர் மட்டுமே. உத்தரவில் கையெழுத்திட்டது அழற்சி.

பற்றீரியா போனால் ஒட்டியதெல்லாம் உதிர்ந்துவிடுமா? ஓரளவு குறையும், முழுதாகப் போகாது. கொரியாவில் ஆரம்பநிலைப் புற்றுநோய் அகற்றப்பட்டவர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், பற்றீரியாவை ஒழித்தவர்களில் 7.2 வீதத்தினருக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13.4 வீதத்தினருக்கும் மறுபடி புற்றுநோய் வந்தது. பாதியாகக் குறைந்தது பெரிய விஷயம். மீதிப் பாதிக்குப் பழைய ஒட்டும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இலங்கை ஆண்களிடம் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையும் புகையிலையும் செய்த வேலை. இரைப்பைப் புற்றுநோய் இங்கு அவ்வளவாக இல்லை. கடல் தாண்டிச் சென்னையிலோ அது நீண்டகாலம் ஆண்களிடம் முன்வரிசையில் இருந்தது. மிசோரத்தில் இந்தியாவிலேயே மிக அதிகம். பற்றீரியா மட்டும் போதாது. உப்பில் ஊறிய உணவு, புகை, பரம்பரை எல்லாம் சேர்ந்தே தீர்ப்பாகிறது.

ஒட்டியதைப் பிரிக்கும் மருந்தும் இருக்கிறது. அசசிட்டிடின் 2004இல் அமெரிக்காவில் எலும்பு மச்சை நோயொன்றுக்கு அனுமதி பெற்றது. ஆனால் அது இந்தத் தடையுத்தரவை மட்டும் தேடி நீக்காது, கண்ட கண்ட இடத்திலெல்லாம் மெதைலை அகற்றும். இரைப்பைக் கட்டிக்கு அது வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

இப்போதைக்குக் கையில் இருப்பது பற்றீரியாவைக் கண்டுபிடித்து ஒழிப்பதுதான். மூச்சை ஊதியே அதைச் சோதிக்கலாம். காரணமின்றி நிறை குறைந்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்காமல் தள்ளிப்போடக் கூடாது. மூச்சுச் சோதனைக்குப் போகிறவர்கள் வைத்தியரிடம் கேட்டு, இரண்டு கிழமைக்கு முன்பே ஒமெப்ரசோலை நிறுத்த வேண்டும். அந்தக் குளிசை பற்றீரியாவை அடக்கிவைப்பதால், உள்ளே இருப்பதையும் சோதனை இல்லை என்று காட்டிவிடும்.